கீழ்ப்பாக்கத்தில் கேட்ட பறை

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

'இளைஞரும் கலையும்' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். தலைப்பு பெரிது, என் தகுதி சிறிது. ஆதலின் நான் அறிந்த ஒரு மாலைப் பொழுதைப் பற்றி மட்டும் பேசி அமைய எண்ணுகிறேன். 2018-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6-ஆம் நாள், சனிக்கிழமை, நாங்கள் நண்பர்கள் ஐவர் சென்னைக்குச் சென்று 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் இசைக்குழுவின் முதல் நிகழ்ச்சியைக் கண்டு வந்தோம். பாட்டுக் கச்சேரி பார்த்த கதையையா வெள்ளி விழா மேடையில் சொல்வது என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும் கடந்த சித்திரை முதல் நம் கழகத்துக்குள் நடந்துவரும் வழக்கிற்கு அந்த மாலைதான் மூலம். அதை இளைஞர்கள் அறிவார்கள். பெரியோர்களும் அறிய வேண்டும் என்பதற்காகவே அதைத் தேர்ந்தேன்.

முதலில் பெரியோர்களின் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது நன்றி மறத்தலாகும்.

நம் கழகத்தின் தீர்மானப் புத்தகத்தில் முதல் பக்கத்தில் எழுதப்பட்டிருப்பது நூலகம் பற்றியோ மாலைப் பள்ளி பற்றியோ உள்ள தீர்மானம் அன்று. 'பள்ளி வயதுப் பிள்ளை எவனும் சாவுக்குப் பறையெடுத்துச் செல்லலாகாது' என்பதே அது. இன்றைய மாணவர்க்கு இது வியப்பாகத் தோன்றும். என் பாட்டனார் பறையடித்தவர். ஊர்த்தெருவில் ஒரு சாவு விழுந்தால் நள்ளிரவானாலும் ஆள் வரும். சட்டையைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போக வேண்டும். வைக்கோலைக் கொளுத்திப் பறையைச் சூடு காட்டி, பாடை சுடுகாடு சேரும் வரையில் அடிக்க வேண்டும். கூலி ஒரு மரக்கால் நெல்லும், கள்ளுக்குச் சில காசும். வரவில்லையென்றால் மறுநாள் அறுவடைக்கு நம் தெருவிலிருந்து ஆள் அழைக்க மாட்டார்கள். என் தந்தையார் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது சிறிய பறையோடு பாட்டனார் பின்னால் ஓடுவாராம். அவருடைய வருகைப் பதிவேட்டில் வராத நாள்களை எண்ணினால் ஊர்த்தெருவின் சாவுக் கணக்கு கிடைத்துவிடும் என்று அவரே வேடிக்கையாகச் சொல்வார். ஆறாம் வகுப்புக்கு அவர் போகவில்லை.

இவ்வடிமைத் தொழிலை உதறுவதற்கு நம்மவர் பட்ட பாடு கொஞ்சமன்று. நமக்கு அண்டையிலிருந்த அன்றைய தென்னார்க்காட்டு மாவட்டத்தில், காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்த பெரியவர் இளையபெருமாள் அவர்கள், சாவுக்குப் பறையடிப்பதில்லை என்னும் போராட்டத்தை ஊர் ஊராக நடத்தினார். தீண்டாமை பற்றி நடுவண் அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கி 1969-ஆம் ஆண்டு அறிக்கை அளித்த அதே இளையபெருமாள்தான். அண்ணல் அம்பேத்கர் 1927-ஆம் ஆண்டு மகாத் மாநாட்டில், செத்த மாட்டை உண்பதை விடுங்கள் என்று நம் மக்களுக்கு அறிவுறுத்தியதும் இதே வழியில் வைத்து எண்ணத்தக்கது. இழிவோடு கட்டப்பட்ட ஒன்றை, அது பசிக்குச் சோறு போட்டாலும், விட்டுவிட வேண்டும் என்று அந்தத் தலைமுறை முடிவு கட்டியது. என் பாட்டனார் தம் பறையைப் பரண்மேல் போட்ட நாளில் வீட்டில் உலை வைக்கவில்லை என்று என் பாட்டியார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் பறையைப் போட்டதால்தான் நான் இன்று ஒலிபெருக்கியின்முன் நிற்கிறேன்.

இனி அந்த மாலைக்கு வருகிறேன்.

'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்றால் சாதியற்றோர் கூட்டு என்று பொருள் கொள்ளலாம். 'அட்டகத்தி', 'மெட்ராஸ்' முதலிய படங்களை இயக்கிய பா. இரஞ்சித் அவர்களின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் தென்மா அவர்களின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ் நிறுவனமும் இணைந்து உருவாக்கிய குழு அது. கானாப் பாடகர், சொல்லிசைப் பாடகர், கித்தார், டிரம்ஸ் வாசிப்போர், பறை, சட்டி, கட்ட மோளம், தவில் அடிப்போர் எனப் பத்தொன்பது பேர் அதில் இருந்தனர். அவருள் ஒருவர் மட்டுமே பெண், அவர் இசைவாணி. குழுவின் பெயருக்குத் தூண்டுதல் பண்டிதர் அயோத்திதாசர். 1907-ஆம் ஆண்டு 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி, நம்மைச் சாதிபேதமற்ற திராவிடர் என்று எழுதிவந்த அப்பெருமகனாரின் சிந்தனை, நூற்றுப் பத்தாண்டுகள் கழிந்து ஒரு ராக் இசைக்குழுவின் பெயராக வந்து நின்றது. திரைப்படத்தையும் சபாக்களையும் சாராமல் தம் பாட்டைத் தாமே எழுதித் தாமே பாடும் இத்தகைய இசையை இளைஞர்கள் 'இண்டி' என்று அழைக்கிறார்கள். சுயேச்சை இசை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

கானாவைப் பற்றியும் இரு சொல் சொல்ல வேண்டும். திரைப்படத்தில் கேட்டுச் சிரித்து மகிழும் பாட்டாகவே அதை நம்மில் பலர் அறிவோம். வடசென்னையின் சேரிகளிலும் குடிசைப் பகுதிகளிலும் அது சாவு வீட்டில் வளர்ந்த பாட்டு. பிணத்தை வைத்துக்கொண்டு விடிய விடிய விழித்திருக்கும் உறவினர்க்குத் துணையாக, இறந்தவரின் வாழ்வையும் வாழ்வின் நிலையாமையையும் பாடுவது. நம் ஊரில் பறைக்கு நேர்ந்தது போலவே அங்கே கானாவுக்கும் நேர்ந்தது. நல்ல சபைகள் அதை வாசற்படி ஏற்றவில்லை.

எங்கள் ஐவருள் மூவர் வில்லியனூர்ப் பக்கத்தினர். இருவர் பாகூர்ப் பக்கத்தினர். பயணம் புறப்பட்ட வேளை நல்ல வேளையன்று. சனவரி 4-ஆம் நாள் மாலை தமிழ்நாட்டு அரசுப் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டனர். பேருந்தை நம்ப முடியாது. பாகூர் நண்பர்கள் இருவரும் பின்னிரவிலேயே ஒரே மோட்டார் சைக்கிளில், பனியில் நடுங்கிக்கொண்டே வில்லியனூர் இரயிலடிக்கு வந்து சேர்ந்தனர். விடியற்காலைப் பயணிகள் வண்டியில் நெருக்கியடித்துக்கொண்டு முற்பகலில் எழும்பூர் சேர்ந்தோம். அங்கிருந்து கீழ்ப்பாக்கம் அதிகத் தொலைவில்லை. சி.எஸ்.ஐ. பெய்ன் பள்ளித் திடலில் மாலையில் நிகழ்ச்சி. நுழைவுக் கட்டணம் கிடையாது. நாங்கள் மாலை வரும் முன்னரே போய் நின்றுவிட்டோம்.

அந்த ஐவருள் ஒருவனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பாகூர்ப் பக்கத்துத் தம்பி அவன். மின்பணி செய்பவன், வயதில் எங்கள் எல்லோரிலும் இளையவன். அவனுடைய தந்தையார் இறுதிவரை பறையடித்தவர். இதை அவன் எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. எங்களுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியாது. கச்சேரிக்கு வருவதற்கே அவன் மனமில்லாமல்தான் வந்தான். மற்ற நால்வரும் கைப்பேசியில் அக்குழுவைப் பற்றிய செய்திகளைப் பார்த்துப் பார்த்துத் துள்ளிக்கொண்டிருந்தபோது அவன் சன்னலோரம் உறங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

இருட்டியது. திடலில் ஆயிரக்கணக்கானோர் கூடிவிட்டனர். சென்னையின் குடிசைப் பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்களும், கல்லூரி மாணவர்களும், ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு நின்ற செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் தோளோடு தோள் உரச நின்றனர். சென்னையில் அப்படிப்பட்ட ஒரு கூட்டத்தை நான் அதற்கு முன்னர்க் கண்டதில்லை. மேடை விளக்குகள் எரிந்தன. பத்தொன்பது பேரும் ஒரே மாதிரியான கோட்டும் சூட்டும் அணிந்து வந்து நின்றனர்.

தோழர்களே, அண்ணல் அம்பேத்கரின் சிலையிலன்றி, நம்மைச் சேர்ந்தவர் எனத்தக்க ஒருவர் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு கோட்டு அணிந்து நிற்பதை அதுவரை நான் கற்பனையும் செய்ததில்லை. அண்ணலின் கோட்டு ஒரு பக்கம், என் பாட்டனாரின் பறை ஒரு பக்கம் என்று என் உள்ளத்தில் இரண்டும் வெவ்வேறு அறைகளில் இருந்தன. ஒன்றை அடைவதற்காக மற்றொன்றை விட்டோம் என்பதே நான் கற்ற பாடம். இரண்டும் ஓருடலில் கூடி நின்றதைப் பார்த்ததும் மகிழ்ச்சிக்கு முன்னர் எனக்கு ஒருவகைக் கலக்கமே உண்டாயிற்று. இதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

பிறகு பாட்டுத் தொடங்கியது. அதன் ஒலியை நான் எப்படி விளக்குவேன்! கித்தாரின் ஓசை வானத்தைக் கீறிக்கொண்டு போகிறது; அடியில் சட்டியும் மோளமும் தரையை அதிர்விக்கின்றன. நெஞ்சுக்கூட்டில் வந்து மோதுகிறது அந்த அடி. இடஒதுக்கீட்டைப் பற்றி ஒரு பாட்டு. தகுதி, திறமை என்று நம் பிள்ளைகளைப் பார்த்துக் கேட்கப்படும் கேள்விகளுக்கு நாம் பட்டிமன்றத்திலும் துண்டறிக்கையிலும் விடை சொல்லி அலுத்துப் போயிருக்கிறோம். அதே விடையை ஆட வைக்கும் மெட்டில் கேட்டபோது, எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு மூதாட்டியார் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஆடத் தொடங்கிவிட்டார். கோட்டா என்றால் என்னவென்று அவருக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வடசென்னை மக்களின் வாழ்வைப் பாடினர். அண்ணலின் பெயரைப் பாடினர். இசைவாணி முன்னே வந்து பாடியபோது திடலிலிருந்த பெண்கள் எழுப்பிய ஆரவாரம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆண்களின் பாட்டாகவே இருந்துவந்த கானாவை ஒரு பெண் பாடுவது எளிதன்று. பின்னர் 2020-ஆம் ஆண்டு பி.பி.சி. நிறுவனம் உலக அளவில் தேர்ந்தெடுத்த நூறு பெண்மணிகளுள் அவரும் ஒருவரானார். சொல்லிசை பாடிய அறிவு என்னும் இளைஞர் அரக்கோணத்துக்காரர். 2021-இல் 'எஞ்சாயி எஞ்சாமி' என்னும் பாட்டால் உலகறிந்தவரானார். அன்று எங்களுக்கு அவர் புதிய முகம்.

எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்று நான் சொல்ல மாட்டேன். சில பாட்டுகளில் சொல் தெளிவாக விழவில்லை. ஒலிபெருக்கியின் இரைச்சல் சில இடங்களில் குரலை விழுங்கிற்று. பாட்டைக் கேளாமல் கைப்பேசியில் தம் முகத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தோரும் இருந்தனர். எங்கள் ஐவருள்ளும் ஒருவர் அப்படித்தான். அவர் இப்போது மூன்றாம் வரிசையில் அமர்ந்து தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார்.

பாகூர்த் தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் ஆடவில்லை, கைதட்டவும் இல்லை. மேடையை இமைக்காமல் பார்த்தபடி கைகட்டி நின்றான். ஆனால் கட்டிய கையின் விரல்கள் மட்டும் தன் முழங்கைமேல் ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தன. வலக்கை கனமாகவும் இடக்கை மெலிதாகவும் தட்டின. அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் பிடித்த கைக்குத்தான் அந்த வேறுபாடு தெரியும்.

திரும்பும்போது நள்ளிரவு வண்டி பிடித்து விழுப்புரத்தில் இறங்கினோம். வில்லியனூர் வழியாகப் புதுவை செல்லும் முதல் வண்டிக்கு இன்னும் நேரமிருந்தது. நடைமேடையில் பனி கொட்டியது. தேநீர் குடித்துக்கொண்டு நாங்கள் நால்வரும் கேட்ட பாட்டுகளை உரக்கப் பாடிக்கொண்டிருந்தோம். தம்பி எழுந்து போய் இரும்பு இருக்கையின் முதுகுப் பலகையில் இரண்டு விரலால் அடித்தான். பிறகு இரண்டு கையாலும் அடித்தான். நாங்கள் பாடுவதை நிறுத்திவிட்டோம். கால்மணி நேரம் அடித்திருப்பான். அருகில் படுத்திருந்த சுமைதூக்குவோர் எழுந்து உட்கார்ந்து கேட்டனர். ஓய்ந்தபின் என்னைப் பார்த்து, "அண்ணே, அவங்க கோட்டு போட்டுக்கிட்டு அடிக்கிறாங்க. எங்கப்பா சட்டையைக் கழட்டிட்டுத்தான் அடிக்கணும். நான் சட்டை போட்டுக்கிட்டு ஒரு தடவை அவரோட போயிட்டேன், எல்லார் முன்னாடியும் எங்கப்பாவே என் சட்டையைக் கழட்டினாரு" என்றான். அப்போது அவனுக்கு வயது பதினொன்று. அதன்பின் அவன் பறையைத் தொட்டதில்லை. தந்தையார் இறந்தபோதும், மகன் அடிக்க வேண்டும் என்று உறவினர் வற்புறுத்தியும், தொடவில்லை.

நாங்கள் ஐவரும் அன்று அதற்குமேல் பேசவில்லை. வில்லியனூரில் இறங்கியபோது பொழுது விடிந்திருந்தது.

சில பெரியவர்கள் என்னிடம், இஃதெல்லாம் சென்னைக்காரர் செய்யும் புதுமோகம் என்றனர். அது முற்றிலும் சரியன்று. நம் புதுவையிலேயே முன்னோடி இருந்தார். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துறைப் பேராசிரியராக விளங்கி 2016-ஆம் ஆண்டு மறைந்த கே.ஏ. குணசேகரன் அவர்கள், 'தன்னானே' கலைக்குழுவைக் கொண்டு நாட்டுப்புறப் பாட்டையும் பறையையும் ஊர்தோறும் மேடையேற்றியவர். 1968-ஆம் ஆண்டு கீழ்வெண்மணியில் நாற்பத்து நால்வர் எரிக்கப்பட்ட கொடுமையையொட்டிக் கவிஞர் இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' என்னும் பாட்டைத் தம் குரலால் தமிழ்நாடெங்கும் கொண்டு சேர்த்தவர் அவரே. 'வடு' என்னும் அவருடைய தன்வரலாறு நம் நூலகத்தில் இருக்க வேண்டிய நூல். பாட்டும் படிப்பும் ஒன்றுக்கொன்று பகை என்று எண்ணுவோர் அவருடைய வாழ்வைப் பார்க்கட்டும்.

இன்னும் சிலர், பறை தமிழரின் ஆதி இசைக்கருவி, தொல்காப்பியமே ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் பறையை வைத்துள்ளது, ஆதலால் பெருமையோடு அடிக்கலாம் என்றனர். தொல்காப்பியம் அவ்வாறு சொல்வது உண்மை. ஆனால் இந்தப் பெருமையால் என் பாட்டனாருக்கு ஒரு மரக்கால் நெல் கூடுதலாகக் கிடைத்ததில்லை. இதே பாகூரில், ஒன்பதாம் நூற்றாண்டிலேயே, நிருபதுங்க பல்லவன் காலத்தில் மூன்று ஊர்களின் வருவாயைக் கொடையாகப் பெற்ற ஒரு கல்லூரி நடந்தது என்று பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. வித்தியாஸ்தானம் என்பது அதன் பெயர். அதன் வாசலை நம் முன்னோருள் ஒருவர் மிதித்தார் என்று செப்பேடு சொல்லவில்லை. பழம்பெருமையைக் கேட்கும்போதெல்லாம் அதில் நம் பங்கு எது என்று கேட்டுப் பழகுவது நல்லது.

பழம்பெருமையைக் காட்டிலும் எனக்குத் தெளிவு தந்தது அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாறு. 1739-ஆம் ஆண்டு தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். முரசு கொட்டிக்கொண்டு நடந்து ஆள் சேர்த்தனர். கிளர்ச்சியை அடக்கிய வெள்ளையர், மறு ஆண்டே ஒரு சட்டம் இயற்றி, அடிமைகள் முரசு வைத்திருப்பதைத் தடை செய்தனர். ஓசையால் ஒன்று கூடிவிடுவார்கள் என்னும் அச்சம்! ஆனால் அம்மக்கள் கையைத் தட்டியும் காலைத் தட்டியும் தம் தாளத்தைக் காப்பாற்றி வைத்தனர். புளூஸ், ஜாஸ், ராக் என்று உலகம் இன்று கொண்டாடும் இசைகளுக்கெல்லாம் வேர் அம்மக்களிடம் இருக்கிறது. அங்கே ஆண்டான் முரசைப் பறித்தான். இங்கே ஆண்டான் பறையை நம் தோளில் கட்டிவிட்டு, அவிழ்க்காதே என்றான். எனவே அவர்கள் எடுத்து அடித்ததும் நம் பாட்டன்மார் இறக்கி வைத்ததும் ஒரே செயல் என்று நான் கருதுகிறேன். கருவி யாருடைய சொற்படி ஒலிக்கிறது என்பதே கேள்வி.

இனி நம் வழக்கிற்கு வருகிறேன்.

அந்தக் கச்சேரிக்குப் பின் பல ஆண்டுகள் தம்பி எதுவும் செய்யவில்லை. அண்மையில்தான் தானே ஒரு பறை செய்தான். சட்டத்துக்குத் தோலை இழுத்துப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டும் வித்தையைத் தந்தையாரிடம் சிறு வயதில் பார்த்த நினைவிலேயே செய்து முடித்தான். மாலைப் பள்ளி முடிந்தபின் பூவரச மரத்தடியில் பிள்ளைகள் எட்டுப் பேருக்குக் கற்பித்தான். அவர்களுள் மூவர் பெண் பிள்ளைகள். கடந்த ஏப்ரல் 14 அன்று, அண்ணலின் பிறந்தநாளில், அப்பிள்ளைகள் நீலச் சட்டை அணிந்து சிலைக்கு முன் பறையடித்தனர். கண்டோர் மகிழ்ந்தனர். நானும் மகிழ்ந்தேன், கீழ்ப்பாக்கத்து மேடை நம் ஊருக்கு வந்துவிட்டது என்று இறுமாந்தேன்.

ஒரு வாரங்கூட ஆகவில்லை. ஊர்த்தெருவிலிருந்து ஒருவர் வந்தார். அவருடைய தகப்பனார் இறந்துவிட்டார். "உங்க பசங்க நல்லா அடிக்கிறாங்களாமே, ரெண்டாயிரம் தர்றேன், அனுப்புங்க" என்றார். அதட்டவில்லை, முன்காலத்தைப் போலத் திண்ணைக்குக் கீழே நின்று கூப்பிடவில்லை, பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாகத்தான் கேட்டார். பிள்ளைகளுள் இருவர் கண்ணில் ஆசை தெரிந்தது. இரண்டாயிரம் ரூபாய் நம் வீடுகளில் சிறு தொகையா?

நம் பெரியோர்கள் அஞ்சியது அணுவும் பிசகாமல் நடந்துவிட்டது. மேடையில் கோட்டு அணிந்து நின்றால் பறையின் பொருள் மாறிவிடும் என்று நான் நம்பினேன். நம் நெஞ்சில் மாறியிருக்கலாம். ஊர்த்தெருவின் கண்ணில் மாறவில்லை. பிறந்தநாள் விழாவில் கேட்ட அடி அவருக்குச் சாவு வீட்டுக்கு ஆள் இருக்கிறது என்னும் அறிவிப்பாகவே கேட்டிருக்கிறது. அன்றிரவு நடந்த செயற்குழுவில், பறையை உடனே அப்புறப்படுத்துங்கள் என்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் பெரியப்பா அவர்கள் கண்ணீரோடு சொன்னார். "உங்க தாத்தன் உலை வைக்காமப் பட்டினி கிடந்து போட்ட பறைடா அது" என்றார். அதற்கு விடை சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆனால் அன்று வாசலில் நடந்த மறுபாதியைச் செயற்குழுவில் எவரும் சொல்லவில்லை. வந்தவருக்குத் தம்பிதான் விடை கூறினான். அவரை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, துக்கம் விசாரித்து, பிறகு சொன்னான்: "ஐயா, எங்க பிள்ளைங்களுக்குப் பரீட்சை. யார் சாவுக்கும் அவங்க வர மாட்டாங்க. உங்க வீட்டுப் பிள்ளைங்களுக்குப் பறை கத்துக்க விருப்பம்னா சாயங்காலம் அனுப்பி வைங்க. எங்க பிள்ளைங்களோட உக்கார வெச்சு நானே சொல்லித் தர்றேன். காசு வேண்டாம்." வந்தவர் எழுந்து போய்விட்டார். இன்றுவரை ஊர்த்தெருவிலிருந்து ஒரு பிள்ளையும் வரவில்லை.

பதினொரு வயதில் சட்டை கழற்றப்பட்டவன் அந்த விடையைச் சொன்னான். என் பாட்டனாரால் சொல்ல முடியாத சொல் அது. அவரால் பறையை இறக்கி வைக்கத்தான் முடிந்தது. பறையைக் கையில் வைத்துக்கொண்டே மாட்டேன் என்று சொல்லும் வலிமை, இக்கழகம் தந்த இருபத்தைந்தாண்டுப் படிப்புக்குப் பிறகு வந்திருக்கிறது. எனவே பறையைக் கழக மண்டபத்தில் வைக்கலாம் என்பதே என் கருத்து. ஆயினும் கட்டோடு வைக்க வேண்டும். எவர் வீட்டுச் சாவுக்கும், நம் வீட்டுச் சாவாகவே இருந்தாலும், கூலிக்கு அது வெளியே போகலாகாது. முதல் பக்கத்துத் தீர்மானம் ஓரெழுத்தும் மாறாமல் இருக்கட்டும். மாலைப் பள்ளியின் நேரத்தில் ஒரு நிமிடத்தையும் பறை எடுத்துக்கொள்ளக் கூடாது. கச்சேரியில் இடஒதுக்கீட்டுப் பாட்டுக்குத் தொண்டை கிழியக் கத்துகிற நம் தம்பிமாருள் சிலர் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தைக் கடைசி நாள் வரை நிரப்பாமல் என் வீட்டு வாசலில் வந்து நிற்பதையும் நான் பார்க்கிறேன். பெண் பிள்ளைகள் மூவரும் தொடர்ந்து கற்க வேண்டும். வயது வந்துவிட்டது என்று நிறுத்தக் கூடாது. கீழ்ப்பாக்கத்தில் பத்தொன்பது பேரில் ஒருவராக நின்ற நிலை நம் எட்டுப் பேரில் மூவராக மாறியிருப்பதை நான் சிறிதாக எண்ணவில்லை.

பெரியப்பா அவர்களே, தங்கள் அச்சம் தவறு என்று நான் சொல்லவில்லை. நாளை மீண்டும் ஒருவர் வருவார். இரண்டாயிரத்துக்குப் பதில் ஐயாயிரம் கொண்டு வருவார். அன்று வாசலில் தம்பி இல்லாமற் போகலாம். ஆசைப்பட்ட அந்த இருவர் மட்டும் இருக்கலாம். அப்போது என்ன நடக்கும் என்று என்னால் உறுதி கூற இயலாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு இது குறித்து வாக்கெடுக்கிறது. உறுப்பினர் அனைவரும் வர வேண்டும். தாய்மார்கள் தவறாமல் வர வேண்டும். என் பாட்டனாரின் பறையைப் பரணிலிருந்து இறக்கிப் பார்த்தேன். தோலை எலி தின்றுவிட்டது. மரச்சட்டம் மட்டும் கெடாமல் இருக்கிறது. அதைக் கொண்டுவந்து மேடைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். தோல் போர்த்துவதா, வேண்டாவா என்பதைப் பெரியப்பா அவர்கள் முதலாவதாக எழுந்து சொல்லட்டும் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன். ஜெய் பீம்.